ஜூனிலேயே கோப்பைத் திறங்கள்: வேலூர் வட்டாரப் பள்ளிகளுக்கு அறிவியல் வாய்ப்புகள் பற்றிய வழிகாட்டி

எங்கள் பள்ளி வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு என்ற ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, இஸ்ரோ பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் யுவிகா என்ற இளம் விஞ்ஞானிகள் முகாமுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று செய்தித்தாள் துண்டோடு என்னிடம் வந்தாள். கடைசி நாளுக்கு இரண்டு நாள்களே இருந்தன. ஆதார் அட்டையில் அவள் பெயர் ஒரு விதமாகவும் பள்ளிப் பதிவேட்டில் வேறு விதமாகவும் இருந்தது. எட்டாம் வகுப்பு மதிப்பெண் விவரத்தில் கையொப்பமிட வேண்டிய தலைமையாசிரியர் வேலூரில் கூட்டத்தில் இருந்தார். முந்தைய ஆண்டு அறிவியல் கண்காட்சியில் அவள் பரிசு பெற்றிருந்தும், சான்றிதழை யாரும் அச்சிட்டுக் கொடுத்திருக்கவில்லை. விண்ணப்பம் போகவில்லை. அவளுக்குத் திறமையில் எந்தக் குறையும் இல்லை. குறை முழுவதும் தாள்களிலும் தேதிகளிலும்தான் இருந்தது.

அதன் பிறகு நான்கு ஆண்டுகளாக, மாணவர்களை இத்தகைய அறிவியல் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கவைக்கும் வேலையைச் செய்துவருகிறேன். பல முறை தடுக்கி விழுந்து கற்றதைப் புதிதாகப் பணியில் சேர்ந்த அறிவியல் ஆசிரியர்களுக்காகவும், பிள்ளையின் ஆர்வத்தைப் பார்த்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும் பெற்றோருக்காகவும் கல்வியாண்டின் வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. ஜூன்: ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கோப்பு

ஆர்வமுள்ள மாணவர்கள் பத்துப் பேர் என்றால் பத்துக் கோப்புகள் வேண்டும். ஒவ்வொன்றிலும் ஆதார் நகல், பிறப்புச் சான்றிதழ் நகல், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்க நகல், இரண்டு புகைப்படங்கள், முந்தைய ஆண்டு மதிப்பெண் விவரம், பங்கேற்ற போட்டிகளின் சான்றிதழ்கள் ஆகியவை இருக்கட்டும். கல்வித் துறை மாணவருக்குக் கொடுத்திருக்கும் எமிஸ் எண்ணையும், பள்ளியின் 11 இலக்க அடையாள எண்ணான யூடைஸ் எண்ணையும் கோப்பின் மேலட்டையிலேயே எழுதிவிடுங்கள். இவற்றையெல்லாம் கைப்பேசியில் படமெடுத்து வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். இணையதளங்கள் கோப்பின் அளவுக்கு உச்சவரம்பு வைத்திருக்கும். கைப்பேசிப் படம் பெரும்பாலும் அந்த வரம்பைத் தாண்டிவிடும், அல்லது ஓரத்தில் யாரோ ஒருவரின் கட்டைவிரல் விழுந்திருக்கும். ஒரு நாள் பிரவுசிங் சென்டரில் அமர்ந்து எல்லாவற்றையும் ஒழுங்காக ஸ்கேன் செய்து, மாணவர் பெயரிலேயே சேமித்துவிடுங்கள்.

எல்லாக் கோப்புகளிலும் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது பெயர். நம் ஊரில் தந்தையின் பெயரை முன்னெழுத்தாகப் போடும் வழக்கம் இருப்பதால், ஒரே பிள்ளை ஒரு தாளில் ‘த. கவிதா’, இன்னொன்றில் ‘கவிதா த’, மூன்றாவதில் ‘கவிதா தணிகாசலம்’ என்று மூன்று பேராகிவிடுகிறாள். மனிதர்களுக்கு இது ஒரு பொருட்டல்ல. கணினி மட்டும் இந்த மூவரையும் ஒருத்தியாக ஏற்பதில்லை. பிறப்புச் சான்றிதழை அடிப்படையாகக் கொண்டு ஆதாரையும் எமிஸ் பதிவையும் வங்கிக் கணக்கையும் ஒரே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவருவதே நான் கண்ட நல்ல வழி. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழுக்கும் அதே பெயர்தான் போகப்போகிறது என்பதால் இந்த அலைச்சல் வீணாகாது. ஆதார் திருத்தம் கைக்கு வரச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால் இதை ஜூனிலேயே தொடங்க வேண்டும். பதினைந்து வயதில் கைரேகையையும் கருவிழிப் பதிவையும் புதுப்பிப்பது கட்டாயம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் அந்த வயதில்தான் இருக்கிறார்கள்.

நம் வட்டாரத்துக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. 2019ஆம் ஆண்டு வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆற்காடு, வாலாஜா, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரங்களில் உள்ளவர்களின் பழைய ஆவணங்களில் இன்றும் வேலூர் மாவட்டம் என்றே இருக்கும். சில தாத்தாக்களின் ஆவணங்களில் வடஆற்காடு என்றுகூட இருக்கிறது. விண்ணப்பத்தில் மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, பள்ளி இன்று எந்த மாவட்டத்தின் முதன்மைக் கல்வி அலுவலரின் கீழ் வருகிறதோ அந்த மாவட்டத்தையே குறிப்பிடுங்கள். தவறினால் உங்கள் விண்ணப்பம் வேறொரு மாவட்ட அலுவலரின் கணக்கில் போய் விழும். அங்கே அதைத் தேடுபவர் எவரும் இருக்க மாட்டார்.

வருமானச் சான்றிதழ் பெரும்பாலான அறிவியல் திட்டங்களுக்குத் தேவையில்லை, உதவித்தொகைத் தேர்வுகளுக்கே தேவைப்படும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணம். ஓராண்டுதான் செல்லும் என்பதால், எதற்கும் இருக்கட்டும் என்று முன்கூட்டியே எடுத்து வைப்பதில் பயனில்லை.

2. ஜூலை: வங்கிக் கணக்கு

அடுத்துச் சொல்லப்போகும் இன்ஸ்பயர் மானக் திட்டத்தின் விருதுத் தொகை மாணவரின் வங்கிக் கணக்கிலேயே நேரடியாகச் செலுத்தப்படுகிறது. பத்து வயது நிரம்பிய பிள்ளை தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். குறைந்தபட்ச இருப்பு வேண்டாத கணக்கு என்று கேட்டு வாங்குங்கள். பழைய கணக்கு இருக்கிறது என்று பெற்றோர் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். இரண்டு ஆண்டுகளாகப் பணப் போக்குவரத்து இல்லாத கணக்கு முடங்கியிருக்கும். வங்கி வேறொன்றுடன் இணைந்திருந்தால் கணக்குப் புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் ஐஎஃப்எஸ்சி குறியீடும் மாறியிருக்கும். 100 ரூபாய் செலுத்தி, புத்தகத்தில் புதிய வரவை அச்சிட்டுப் பாருங்கள். அது அச்சானால் கணக்கு உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

3. ஜூலை முதல் செப்டம்பர் வரை: இன்ஸ்பயர் மானக்

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் தேசியப் புத்தாக்க அறக்கட்டளையும் பள்ளி மாணவர்களின் புதிய யோசனைகளுக்கு விருது தரச் சேர்ந்து நடத்தும் இத்திட்டமே ஓர் அரசுப் பள்ளிக்கு முதல் படியாக ஏற்றது. ஒரு பள்ளி ஐந்து மாணவர்களின் யோசனைகள் வரை அனுப்பலாம். கட்டணம் இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து மாணவர்கள் தகுதியுடையவர்கள். பத்தாம் வகுப்பு வரை என்றிருந்த மேல்வரம்பு பின்னர் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீட்டிக்கப்பட்டது. தேர்வாகும் யோசனைக்கு 10,000 ரூபாய் கிடைக்கும். அதைக் கொண்டு மாதிரியைச் செய்து மாவட்டக் கண்காட்சிக்கும், பிறகு மாநில, தேசியக் கண்காட்சிகளுக்கும் செல்லலாம். யோசனையை அனுப்பும் கட்டத்தில் மாதிரி எதுவும் செய்ய வேண்டியதில்லை. இது தெரியாமல் கடைக்காரரிடம் 2,000 ரூபாய்க்குத் தயார் மாதிரி வாங்கிய பெற்றோரை எனக்குத் தெரியும்.

பள்ளி முதலில் இணையதளத்தில் ஒருமுறைப் பதிவு செய்ய வேண்டும். மாவட்ட அலுவலர் அதை ஏற்ற பின், பயனர் பெயர் பள்ளியின் மின்னஞ்சலுக்கு வரும். நாங்கள் முதல் ஆண்டு தடுமாறியது இங்கேதான். பள்ளி ஏற்கெனவே பதிவு செய்யப்பட்டிருந்தது. ஆனால் அந்த மின்னஞ்சல், பணி ஓய்வு பெற்றுவிட்ட முந்தைய தலைமையாசிரியரின் சொந்த முகவரி. அதன் கடவுச்சொல் அவருக்கே நினைவில்லை. மின்னஞ்சலை மாற்றித் தருமாறு மாவட்ட அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்து, அது நிறைவேற 19 நாள்கள் ஆயின. உங்கள் பள்ளியின் நிலையை ஜூலை முதல் வாரத்திலேயே சோதித்துவிடுங்கள். பதிவுக்கென்று பள்ளியின் பெயரில் தனி மின்னஞ்சல் ஒன்றைத் தொடங்கி, கடவுச்சொல்லைப் பள்ளி ஆவணப் பதிவேட்டில் எழுதி வையுங்கள்.

விவரங்களை நிரப்பிய பின் ‘சேமி’ என்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். சேமித்தது வரைவுதான். மாவட்ட அலுவலருக்கு அனுப்பும் பொத்தானை அழுத்தினால்தான் விண்ணப்பம் நகரும். அனுப்பியதும் வரும் விண்ணப்ப எண்ணைத் தாளில் அச்சிட்டு மாணவர் கோப்பில் வையுங்கள். முடிவுத் தேதி பெரும்பாலும் செப்டம்பரை ஒட்டி வரும். கடைசி வாரத்தில் இணையதளம் ஊர்ந்து செல்லும் என்பதால் ஆகஸ்டு மாத இறுதியை உங்கள் முடிவுத் தேதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி யோசனைக்கு வருவோம். குப்பைத் தொட்டி தானாகத் திறப்பது, பார்வையற்றோருக்கான ஒலிக்கும் கோல், தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மணியடிப்பது ஆகிய மூன்றையும் மறந்துவிடுங்கள். இணையத்தில் ஆயிரக்கணக்கில் கிடப்பவை அவை. தேர்வாளர்களுக்குப் பார்த்தவுடனே தெரியும்.

யோசனை பிள்ளையின் வீட்டு வாசலிலிருந்து வர வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் விளைகிறது. புவிசார் குறியீடு பெற்ற கத்தரிக்காய் இது. காம்பிலும் புல்லி இதழிலும் கூர்மையான முள் இருக்கும். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் வீட்டில் யாருக்கு எந்த வேலை கடினம் என்று கேட்டேன். ‘காய் பறிச்சுட்டு வந்து அம்மா ராத்திரி விளக்கடியில உக்காந்து ஊசியால முள்ளு எடுப்பாங்க சார்’ என்றான். கையுறை போடலாமே என்று கேட்டதற்கு, கையுறை போட்டால் காய் முற்றியதா பிஞ்சா என்று விரலுக்குத் தெரியாது என்றான். அந்தப் பதிலைத்தான் யோசனையின் முதல் வரியாக வைத்தோம். காயை இரண்டு விரல் அழுத்தத்தில் உணரும்படியும், காம்பை மட்டும் முன்முனையில் நறுக்கும்படியும் ஓர் இடுக்கியை அவனே வரைந்தான். படம் கோணலாகத்தான் இருந்தது. நான் திருத்தவில்லை, நீங்களும் திருத்தாதீர்கள். ஆசிரியரின் கை பட்ட வரைபடம் மாணவனுடையது போல இருக்காது. மாவட்டக் கண்காட்சியில் நடுவர் கேட்கும் இரண்டாவது கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும்.

எழுத்துப் பகுதியில் சிக்கல் என்ன, இப்போது மக்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள், இந்த யோசனையில் புதியது எது என்ற மூன்றையும் சொன்னால் போதும். தமிழிலேயே அனுப்பலாம். மோசமான ஆங்கில மொழிபெயர்ப்பைவிடத் தெளிவான தமிழ் எவ்வளவோ மேல்.

முடிவு வரப் பல மாதங்கள் ஆகும். பத்தாம் வகுப்பு மாணவர் அதற்குள் வேறு பள்ளிக்குப் போய்விடக்கூடும் என்பதால் பெற்றோரின் கைப்பேசி எண்கள் இரண்டை வாங்கி வையுங்கள்.

4. குழந்தைகள் அறிவியல் மாநாடு

பத்து முதல் பதினேழு வயது வரையிலான பிள்ளைகள், ஒரு வழிகாட்டி ஆசிரியரின் துணையோடு தங்கள் ஊர்ச் சிக்கல் ஒன்றைக் குழுவாக ஆராயும் வாய்ப்பு இது. தமிழ்நாட்டில் இதை முன்னெடுப்பது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். அறிவிப்புக்கு அதன் வேலூர் மாவட்டக் கிளையினரைத் தொடர்புகொள்ளுங்கள். இதற்குக் காசைவிட நாள்களே அதிகம் செலவாகும். தினசரிக் குறிப்பேடு மிக முக்கியம். கடைசி வாரத்தில் உட்கார்ந்து இரண்டு மாதக் குறிப்புகளை ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் எழுதிய குறிப்பேட்டை எந்த நடுவரும் நம்புவதில்லை.

அரசுப் பள்ளிகளின் ஆறு முதல் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்காக 2022 நவம்பரில் தொடங்கப்பட்ட வானவில் மன்றம் என்ற அறிவியல், கணிதச் செய்முறைத் திட்டத்தின் கருத்தாளர் உங்கள் பள்ளிக்கு வரும் நாளை வீணாக்காதீர்கள். அவர் செய்துகாட்டும் சோதனையைக் கண்டு, எந்தப் பிள்ளை வகுப்பு முடிந்த பிறகும் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கிறது என்று கவனியுங்கள். என் கோப்புகளில் பாதி அப்படித் தொடங்கியவைதான்.

5. ஆகஸ்டு முதல் நவம்பர் வரை: ஒலிம்பியாட் என்ற பெயரில் எது உண்மை?

இந்தப் பெயரில் பல தனியார் தேர்வுகள் பள்ளி வழியே பணம் வசூலித்து நடக்கின்றன. வகுப்பில் பாதிப் பேருக்குப் பதக்கம் கிடைக்கும். பயிற்சி என்ற அளவில் தீங்கில்லை. ஆனால் அவை எவையும் பன்னாட்டு ஒலிம்பியாடுக்கு இந்திய அணியைத் தேர்ந்தெடுப்பவை அல்ல. அறிவியல் பாடங்களில் அந்தப் பாதை, இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம் நவம்பரில் நடத்தும் தேசியத் தரத் தேர்வில் தொடங்குகிறது. அதில் தேறியவர்களுக்கான அடுத்த கட்டங்களை மும்பையில் உள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் நடத்துகிறது. பத்தாம் வகுப்பும் அதற்குக் கீழும் படிப்பவர்களுக்கு இளநிலை அறிவியல் தேர்வு உண்டு. இயற்பியல், வேதியியல், உயிரியல், வானியல் ஆகியவற்றுக்குத் தனித்தனித் தேர்வுகள் உண்டு. பதிவு ஆகஸ்டு, செப்டம்பரில் நடக்கும், கட்டணம் சில நூறு ரூபாய். வகுப்போடு பிறந்த தேதிக்கும் வரம்பு உண்டு என்பதைப் பணம் கட்டும் முன்பே பார்த்துவிடுங்கள். வினாத்தாள் ஆங்கிலத்தில் இருக்கும், கடினமாகவும் இருக்கும். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளையைப் பழைய வினாத்தாள் இரண்டையாவது பார்க்க வைக்காமல் அனுப்புவது அந்தப் பிள்ளையின் நம்பிக்கையை உடைப்பதில்தான் முடியும்.

இன்னொரு பொறி: தேசியத் திறனறித் தேர்வான என்டிஎஸ்இ 2021க்குப் பிறகு நிறுத்தி வைக்கப்பட்டுவிட்டது. அடிப்படை அறிவியல் படிக்க விரும்புவோருக்கான உதவித்தொகைத் தேர்வான கேவிபிஒய்யும் 2022இல் முடிவுக்கு வந்துவிட்டது. இவற்றுக்குப் பயிற்சி என்று சொல்லிப் புத்தகமும் வகுப்பும் விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பணம் கட்டும் முன், இந்த ஆண்டுக்கான அரசு அறிவிக்கையைக் காட்டச் சொல்லுங்கள்.

6. ஜனவரி முதல் மார்ச் வரை: காவலூருக்கு ஒரு சனிக்கிழமை

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலையேறினால் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம். இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனம் இதை நடத்துகிறது. பார்வையாளர்களுக்கான நாள் சனிக்கிழமை. பகலில் வளாகத்தைச் சுற்றிப் பார்க்கலாம், வானம் தெளிந்திருந்தால் முன்னிரவில் தொலைநோக்கியில் பார்க்கவும் வாய்ப்பு உண்டு. பெரிய குழுவாகச் செல்பவர்கள் முன்கூட்டியே தொடர்புகொண்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

பிள்ளைகளுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுங்கள். 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி ஆய்வாளர்களுக்கானது. அதை நின்று பார்க்கலாமே தவிர, அதன் வழியே வானத்தைப் பார்க்க முடியாது. பார்வையாளர்களுக்குச் சிறிய தொலைநோக்கியில்தான் காட்டுவார்கள். இதைச் சொல்லாமல் அழைத்துச் சென்ற முதல் ஆண்டு, மலையிறங்கும் வழியெல்லாம் பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள்.

தேதியைத் தேர்வு செய்ய வீட்டுத் தினசரி நாள்காட்டி போதும். வளர்பிறை சப்தமி, அஷ்டமியை ஒட்டி வரும் சனிக்கிழமையைப் பாருங்கள். அரைநிலவின் விளிம்பில் பள்ளங்களின் நிழல் நீண்டு விழுவதால் நிலவு மிகத் தெளிவாகத் தெரியும். பௌர்ணமியில் நிழலே இருக்காது, நிலவு வெறும் வெள்ளைத் தட்டாகத் தெரியும். மழைக்கால மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

பயணத்துக்குக் கல்வி அலுவலரின் முன் அனுமதி, பெற்றோரின் ஒப்புதல் கடிதம், மாணவிகள் இருந்தால் உடன் வரும் ஆசிரியை ஆகிய மூன்றும் வேண்டும். அனுமதிக் கடிதத்தை ஒரு மாதம் முன்பே கொடுங்கள். நாங்கள் 22 பேர் சென்றபோது வேனுக்கு 7,000 ரூபாய் ஆயிற்று. கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் புரட்டும் என்பதால் மதிய உணவை மலையேறும் முன் கொஞ்சமாக முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். எலுமிச்சம்பழமும் கம்பளிச் சட்டையும் எல்லோரும் எடுத்து வரட்டும்.

மலையேற முடியாதவர்களுக்கு வேலூர் சத்துவாச்சாரியில் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. அரை நாள் போதும், நகரப் பேருந்திலேயே போய் வரலாம்.

7. பிப்ரவரி, மார்ச்: யுவிகா

இஸ்ரோ 2019இல் தொடங்கிய இந்த முகாம் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு மட்டுமே. வாழ்நாளில் ஒரே வாய்ப்பு. விண்ணப்பம் பிப்ரவரி, மார்ச்சில் இணையத்தில் நடக்கும். முகாம் மே மாதத்தில் ஏறத்தாழ இரண்டு வாரம், ஸ்ரீஹரிகோட்டா, திருவனந்தபுரம், பெங்களூரு போன்ற இஸ்ரோ மையங்களில் நடக்கும். கட்டணம் இல்லை. தங்குமிடம், உணவு, மாணவரின் ரயில் கட்டணம் எல்லாம் இஸ்ரோவின் செலவு. காட்பாடியில் ஏறும்போது வாங்கிய பயணச்சீட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

தேர்வு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் ஏன் இவ்வளவு நேரம் கோப்பு, கோப்பு என்று சொன்னேன் என்பது புரியும். அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளில் எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 50 விழுக்காடு, இணைய வினாடி வினாவுக்கு 10 விழுக்காடு. அறிவியல் கண்காட்சியில் கலந்துகொண்டதற்குப் பள்ளி அளவில் 2, மாவட்ட அளவில் 5, மாநிலத்திலும் அதற்கு மேலும் 10. சாரணர், என்சிசி, என்எஸ்எஸ் ஆகியவற்றில் ஒன்றில் இருந்தால் 5. ஊராட்சிப் பகுதியில் உள்ள பள்ளியில் படித்தால் 15. போட்டிப் பரிசுகளுக்கும் விளையாட்டுக்கும் சிறு பங்கு உண்டு. நகரத்துப் பெரிய பள்ளியில் 98 விழுக்காடு வாங்கும் பிள்ளைக்கு முதல் வரிசையில் 49 கிடைக்கும், ஒடுகத்தூர்ப் பக்கத்து ஊராட்சிப் பள்ளியில் 84 வாங்கும் பிள்ளைக்கு 42 கிடைக்கும். ஏழு புள்ளி வித்தியாசத்தை ஊராட்சிப் பள்ளி என்ற ஒரே சான்று தாண்டிவிடுகிறது. அந்தச் சான்றைக் கோப்பில் வைக்காமல் விண்ணப்பிப்பது கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டுப் போவதற்குச் சமம்.

கண்காட்சிச் சான்றுகள் முந்தைய மூன்று ஆண்டுகளுக்குரியவையாக இருக்கலாம். எனவே பள்ளியில் ஆண்டுதோறும் பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளில் கண்காட்சி நடத்தி, கலந்துகொண்ட ஒவ்வொருவருக்கும் தேதி, கையொப்பம், பள்ளி முத்திரையோடு சான்றிதழ் கொடுங்கள். அச்சுக் கூலி ஒன்றுக்கு ஐந்து ரூபாய்கூட ஆகாது. ஆறாம் வகுப்பிலிருந்தே இதைத் தொடங்கிவிடுங்கள். விதிகளும் விழுக்காடுகளும் மாறக்கூடியவை என்பதால் அந்த ஆண்டின் அறிவிப்பை ஒரு முறை முழுதாகப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணை மொத்த மதிப்பெண்ணும் விழுக்காடும் தெரியும்படி தலைமையாசிரியரின் கையொப்பத்தோடு ஏப்ரலிலேயே வாங்கி வையுங்கள். நம் பள்ளிகளில் தரநிலை எழுத்தை மட்டும் கொடுக்கும் பழக்கம் இருப்பதால் இதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். எட்டாம் வகுப்பை நடுநிலைப் பள்ளியில் முடித்தவர் என்றால், மாற்றுச் சான்றிதழ் வாங்கும் அன்றே இதையும் வாங்கிவிட வேண்டும்.

8. ஆசிரியர்களுக்கு

ராணிப்பேட்டையில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம், மைசூரு மண்டலக் கல்வி நிறுவனம் ஆகியவற்றின் பயிற்சிகளுக்குத் துறை வழியாகப் பெயர் போக வேண்டும். விருப்பத்தை எழுத்தில் கொடுத்து வைக்காதவர் பெயரை யாரும் தேடி எழுதுவதில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் கர்நாடகத்தின் சள்ளகெரேயில் உள்ள தன் வளாகத்தில் அறிவியல் ஆசிரியர்களுக்குத் தங்கிப் பயிலும் பயிற்சி நடத்துகிறது. புத்தகத்தில் படமாக மட்டும் பார்த்த சோதனைகளை நம் கையால் செய்து பார்க்கும் வாய்ப்பு அது. செலவில்லாத மாதிரிகளுக்கு எளிய பொருள்களில் அறிவியல் பொம்மைகள் செய்துகாட்டும் அரவிந்த் குப்தாவின் காணொளிகள் தமிழிலும் கிடைக்கின்றன.

பயிற்சிக்குத் தேர்வானதும் முதல் வேலை, பணிவிடுவிப்பு ஆணையைக் கையில் வாங்குவது. வாய்மொழியாகப் போய் வாருங்கள் என்று சொன்னதை நம்பிச் சென்று, திரும்பி வந்து பார்த்தபோது என் கணக்கில் ஆறு நாள் தற்செயல் விடுப்பு கழிந்திருந்தது. வருகைச் சான்றிதழைப் பயிற்சி முடியும் நாளன்றே வாங்கி, ஆணை நகலோடு சேர்த்து, பணியில் திரும்பச் சேரும் கடிதத்துடன் அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை உங்கள் நகலில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நகலுக்கும் ஒரு கோப்பு வேண்டும்.